ஒன்பதாம் பொருள்

எட்டாம் பொருள், பனி அள்ளும் வண்டிக்குப் புது பிளேடு.
அதற்கு நாற்பது நிமிடம்.
ஒன்பதாம் பொருள் நாங்கள்.

மிச்சிகனின் வடக்கு ஓரம், டிசம்பர்,
வரைபடக்காரனே அவசரமாக முடித்துக்கொண்ட ஒரு கவுண்டி.
மார்லிஸ் கொஸ்கெலா, வாரத்தில் நான்கு இரவு
பழைய வங்கி மாடியில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பவள்
என்று மைக்கில் சொன்னேன்.
மூன்று நிமிடம் தந்தார்கள்.

சேர்மன் கேட்டார்: இந்த வருடம் எத்தனை அழைப்பு?
ஆயிரத்து நூற்றுப் பதினாறு.
அதில் எத்தனை பேர் பிழைத்தார்கள்?
பிழைத்தவர்கள் திரும்பக் கூப்பிட்டுச் சொல்வதில்லை, ஐயா.
மறுநாள் லாரியில் உப்பு ஏற்றப் போய்விடுகிறார்கள்.
அவர் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
பேனாவை மூடினார்.

நிதி அதிகாரி சொன்னாள்:
மாநில எண் ஒன்று இருக்கிறதே,
எங்கோ தெற்கே, யாராவது எடுப்பார்கள், செலவில்லை.

எடுப்பார்கள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்லவில்லை.
ஆனால் பிப்ரவரியில் ஒருவன்
"மஞ்சள் வளைவில் நிற்கிறேன்" என்றான்.
எந்தப் பலகையிலும் அப்படி ஒரு பெயர் கிடையாது.
எப்போதோ ஒரு பள்ளிப் பேருந்து உரசித்
தடுப்புச் சுவரில் விட்டுப்போன பெயின்ட்.
அந்தப் பேருந்தில் போனவர்களுக்குத்தான் தெரியும்.
நான் தபால் எண் கேட்கவில்லை.
"எந்தப் பக்கம்? சர்ச் பக்கமா, மர ஆலைப் பக்கமா?"
கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
"ஆலைப் பக்கம்."
"அங்கே சறுக்குமே, பார்த்து நில்லு."

வாய் தவறி வந்துவிட்டது.
போயும் போயும் அவனிடம், பார்த்து நில்லு.
அவன் சிரித்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.
மூச்சு ஒருமுறை தடுக்கியது, அவ்வளவுதான்.
அந்தத் தடுக்கலைப் பிடித்துக்கொண்டு
விடியும்வரை பேசினோம்,
பெரும்பாலும் ஒரு பனி ஸ்கூட்டரின் கார்புரேட்டரைப் பற்றி.

(மஞ்சள் வளைவு அதன் பெயர் அல்ல.
மஞ்சளும் அல்ல.
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.)

ஆகவே கூட்டத்தில் சொன்னது இவ்வளவுதான்:
பயிற்சி, மின்கட்டணம், இரண்டு நாற்காலி,
முப்பத்தெட்டாயிரம் டாலர்.
இந்தப் பொருளுக்குப் பொருள் இல்லை என்றார் சேர்மன்.
சரி, வாக்குக்கு விடுவோம்.

ஆதரவு இரண்டு கை. எதிர்ப்பு இரண்டு.
மேசைக் கோடியில் மூன்றாம் வட்டத்து ஹாபலா
தொண்டையைச் செருமினார்.
"நான் தவிர்க்கிறேன்.
எனக்கும் இதற்கும் தொடர்பு உண்டு."

குரலுக்கு முகம் வைக்காதே என்பது எங்களுக்கு முதல் பாடம்.
காது அந்த வகுப்புக்கு வந்ததில்லை.

வங்கிக் கட்டடம் அவர் மைத்துனனுடையது.
ஓ, அதுவா, என்று எல்லோரும் தலையசைத்தார்கள்.
எழுத்தர் அதையே காரணம் என்று குறித்துக்கொண்டாள்.
அவர் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் என் காகிதத்தை,
தலைகீழாக இருந்தது பிறகுதான் தெரிந்தது.

இரண்டுக்கு இரண்டு, தீர்மானம் தோற்றது.
நேர்மை சில நாள் இப்படித்தான், ஒரு கை குறைவாக வரும்.

பிறகு யாரோ மனமிரங்கி, ஏப்ரல் கடைசிவரை தரலாம் என்றார்கள்.
பனி உருகும்வரை போதாதா?
போதும் என்று நினைப்பவர்கள் வசந்தத்தில்
எங்கள் மாடிக்கு வந்ததில்லை.
எல்லோருக்கும் வெளிச்சம் வந்து
தனக்கு மட்டும் வரவில்லை என்று தெரிகிற மாதம் அது.
அப்போதுதான் இரண்டு நாற்காலியும் போதாது.
நன்றி என்றேன். வேறென்ன சொல்ல.

வண்டி நிறுத்துமிடத்தில் விளக்கு ஒன்றுதான் எரிந்தது.
அவர் தன் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.
நான் கடந்துபோகும்போது நிமிராமல்,
"சறுக்கும்" என்றார். "பார்த்து."

எட்டு மணிக்கு என் முறை.
ஹீட்டர் ஓடவில்லை.
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தேன்.